சொந்த மைதானத்தில் கோல்ப் பழகுவது: நுவரெலியாப் பக்கத்துப் புதியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோல்ப் பழக ஆரம்பித்து, கிட்டத்தில் இருக்கிற ஒரே மைதானத்தில் திரும்பத் திரும்ப விளையாடுகிறவர்களுக்காக எழுதியது இது. நுவரெலியா, நானுஓயா, கந்தப்பளை, ராகலைப் பக்கத்துப் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் நேரில் கேட்கிற கேள்விகளைத்தான் எடுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

ஒரே மைதானத்தில் விளையாடிக்கொண்டே இருந்தால் முன்னேற முடியுமா?

முடியும். அது மட்டுமில்லை, ஆரம்பத்தில் அதுதான் நல்லது. புது மைதானத்தில் 18 குழியையும் 95 அடியில் முடித்தால் (அடி குறையக் குறைய நல்லது) அது நல்ல ஆட்டமா, சுமாரா, மைதானம் லேசா என்று சொல்ல வழியில்லை. பழகிய மைதானத்தில் போன மாதம் ஆறு அடியில் முடித்த குழியை இந்த மாதம் ஐந்தில் முடித்தால், மாறியது நீங்கள்தான். மரமும் ஓடையும் பங்கரும் (மணல் பள்ளமும்) இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பழகிய மைதானம் உங்களைத் தூங்க வைத்துவிடும். முதல் குழியில் டிரைவரை, அதாவது பந்தை அதிக தூரம் அனுப்பும் கிளப்பை (அடிக்கும் மட்டையை), எடுக்கிறோம், ஏன் என்று கேட்பதில்லை. எப்போதும் எடுத்ததால் எடுக்கிறோம். பந்து வலப்பக்க மரத்துக்குள் போகிறது, "இந்தக் குழி எனக்கு ஒத்துவராது" என்று சொல்லிக்கொண்டு நடக்கிறோம். குழியில் குற்றமில்லை. ஒரே முடிவைத் திரும்பத் திரும்ப எடுத்தால் ஒரே பலன்தான் கிடைக்கும்.

அதற்கு நான் சொல்கிற மருந்து ஒரு சின்னக் கொப்பி. ஒவ்வொரு குழிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். டீயில் (முதல் அடி அடிக்கும் இடத்தில்) எந்தக் கிளப், பந்து எங்கே விழுந்தது, கிரீனுக்கு (குழியைச் சுற்றிய குட்டைப் புல் தரைக்கு) எந்தக் கிளப், எத்தனை பட் (கிரீனில் பந்தை உருட்டும் அடி). நான்கே விஷயம். சில மாதம் எழுதினால் உங்கள் ஆட்டத்தின் உண்மை அதில் தெரியும். பெரும்பாலானோருக்கு மூன்று நான்கு குழிகள்தான் மொத்த ஸ்கோரையும் கெடுத்துக்கொண்டிருக்கும். அந்தக் குழிகளுக்கு மட்டும் திட்டத்தை மாற்றினாலே போதும், மற்றவற்றைத் தொடவே வேண்டாம்.

நுவரெலியா மைதானம் புதியவர்களுக்கு ஏற்றதா?

ஏற்றது. 1889இல் தொடங்கிய கழகம் அது. இலங்கையில் அதைவிடப் பழையது 1879இல் வந்த கொழும்புக் கழகம் மட்டும்தான். நகரத்தின் நடுவிலேயே கிடக்கிற 18 குழி மைதானம், கிராண்ட் ஹோட்டலும் ஹில் கிளப்பும் எட்டிப் பார்க்கிற தூரத்தில் இருக்கின்றன. நீளத்தால் மிரட்டுகிற மைதானம் இல்லை. மிரட்டுவது அதன் அகலக் குறைவு. ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் இடையிலான வெட்டிய புல்வெளி) ஒடுக்கம், இரண்டு பக்கமும் உயரமான பைன், சைப்ரஸ், யூகலிப்டஸ் மரங்கள், இடையிடையே ஓடைகள், ஏற்ற இறக்கம். பலமாக அடிக்கிறவனைவிட நேராக அடிக்கிறவனுக்கு அது இரக்கம் காட்டும். புதியவர் ஒருவர் எதைக் கற்றுக்கொள்ள வேண்டுமோ அதையே கற்றுத் தருகிற மைதானம் என்று நான் நினைக்கிறேன்.

உறுப்பினராக இல்லாமல் போய் விளையாடலாமா?

வெளியிலிருந்து வருகிறவர்களும் கட்டணம் செலுத்தி விளையாடலாம். கட்டணம் மாறிக்கொண்டே இருக்கும், கழக அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். சித்திரை வருடப்பிறப்பையொட்டிய சீசன் நாட்களில் நகரமே நிரம்பி வழியும், அப்போது நேரம் கிடைப்பது கஷ்டம். காலர் வைத்த சட்டையும் பொருத்தமான சப்பாத்தும் போட்டுக்கொண்டு போனால் வாசலில் சங்கடம் இருக்காது.

என்ன கிளப் வாங்க வேண்டும்? முழு செட் விலை கட்டுப்படியாகவில்லை.

முழு செட் வேண்டாம். விதி அதிகபட்சம் 14 கிளப் வைத்திருக்க விடுகிறது, 14 இருந்தே ஆக வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. தூர அடிக்கு ஒரு ஹைபிரிட், 7ஆம் நம்பர் அயன், 9ஆம் நம்பர் அயன் (நம்பர் குறையக் குறையப் பந்து தூரம் போகும்), மணலுக்கும் குட்டை அடிக்கும் ஒரு சேண்ட் வெட்ஜ், கிரீனில் உருட்ட ஒரு பட்டர். இந்த ஐந்தும் பாவித்த சாமானாகக் கிடைத்தால் முதல் வருடத்துக்குத் தாராளம்.

ஸ்பெயின் நாட்டு செவே பாயெஸ்தெரோஸ் சிறுவனாக இருந்தபோது ஒரேயொரு 3ஆம் நம்பர் அயனை வைத்துக்கொண்டு கடற்கரை மணலில் பழகியவர். பின்னாளில் பிரிட்டிஷ் ஓபனை மூன்று முறையும் மாஸ்டர்ஸை இரண்டு முறையும் வென்றார். ஒரே கிளப்பால் உயரமாக, தாழ்வாக, மெதுவாக, வளைத்து அடிக்கப் பழகிய கை அது. கையில் கிளப் குறைவாக இருப்பது குறைதான் என்றாலும், கையைப் பழக்குகிற குறை.

பாவித்த கிளப் வாங்கும்போது பிடியைத் திருகிப் பாருங்கள். ரப்பர் வழுக்கலாகக் கெட்டிப்பட்டிருந்தால் பிடியை மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துப் பேசுங்கள். நம் ஊர் ஈரத்தில் வழுக்குகிற பிடியோடு விளையாடவே முடியாது. பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்கள் பெரியவர்களின் கனமான கிளப்பைக் கொடுத்து "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று சொல்லாதீர்கள். கனம் தாங்காமல் உடம்பை வளைத்து அடிக்கிற பழக்கம் வந்தால், வளர்ந்த பிறகும் போகாது.

தோட்டத்தில் இருக்கிறேன். மைதானத்துக்கு மாதம் ஒருமுறைதான் போக முடிகிறது. வீட்டில் என்ன பழகலாம்?

பாதி ஆட்டத்தை வீட்டிலேயே பழகலாம். பட் போடுவதற்குச் சமமான தரை போதும், லயத்து இஸ்தோப்பின் சிமெந்துத் தரை கிரீனைவிட வேகமானது என்பதால் இன்னும் நல்லது. பட்டர் தலையின் அகலத்தைவிட ஒரு விரல் கூடுதலாக இடைவெளி விட்டு, இரண்டு பக்கமும் இரண்டு தீப்பெட்டியை நிறுத்துங்கள். நடுவில் பந்து. ஆறடி தள்ளிப் பத்து ரூபாய்க் குற்றி ஒன்று. தீப்பெட்டியைத் தட்டாமல் பட்டரைக் கொண்டுபோய்ப் பந்து குற்றிமேல் உருள வேண்டும். முதல் நாள் தீப்பெட்டி விழுந்துகொண்டே இருக்கும். அது விழுகிற சத்தம்தான் ஆசிரியர்: பின்னால் இழுக்கும்போது வெளிப்பக்கப் பெட்டி விழுகிறதா, முன்னால் தள்ளும்போது உள்பக்கப் பெட்டி விழுகிறதா என்று கவனித்தால், உங்கள் கை எந்தப் பக்கம் போகிறது என்பது தானே தெரியும். உண்மையான குழியின் குறுக்களவு 108 மில்லிமீட்டர். சின்னக் குற்றியைக் குறிபார்த்துப் பழகிய கண்ணுக்கு மைதானத்தில் குழி பெரிதாகத் தெரியும்.

சிப் (கிரீன் ஓரத்திலிருந்து மெல்லத் தூக்கி அடிக்கும் குட்டை அடி) பழக ஒரு சாக்குத்துண்டும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தும் போதும். நிஜப் பந்தை லயத்துப் பக்கம் அடிக்கவே கூடாது. ஏறக்குறைய 46 கிராம் எடையுள்ள கெட்டியான பந்து அது, கண்ணாடியை மட்டுமில்லை, மண்டையையும் உடைக்கும்.

இங்கே பந்து அதிக தூரம் போகிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். குளிர்ந்த காற்று கொஞ்சம் அடர்த்தியானது, அதனால் வித்தியாசம் சற்றுக் குறைகிறது. அப்படியிருந்தும் நம் காற்று கொழும்புக் காற்றைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மெல்லியது. காற்று மெல்லியதானால் பந்தைத் தடுக்கிற சக்தியும் குறையும். நன்றாக அடிபட்ட பந்து ஐந்திலிருந்து எட்டு வீதம் வரை கூடப் போகும். கொழும்பில் 150 யார் போகிற 7ஆம் நம்பர் அயன் இங்கே 160 யார் போய் விழலாம்.

இதில் பலரும் கவனிக்காத இன்னொன்று உண்டு. பந்து வளைவதும் காற்றால்தான். வலக்கைக்காரர் அடித்துச் சுழன்றுகொண்டு போகிற பந்தைக் காற்று வலப்பக்கமாகத் தள்ளுவதுதான் ஸ்லைஸ். காற்று மெல்லியதாக இருந்தால் தள்ளலும் குறைவு. அதாவது, நம் மலையில் உங்கள் ஸ்லைஸ் உள்ளதைவிட நல்லதாகத் தெரியும். பத்து யார் வலப்பக்கம் போனது என்று நிம்மதிப்பட்ட அதே அடி, கொழும்பில் இன்னும் கூட வளைந்து எல்லைக் கம்பத்துக்கு வெளியே போகும். ஊரில் நேராக அடிக்கிறோம் என்று நம்பிக் கீழே இறங்குகிற பிள்ளைகள் இதில்தான் மனம் உடைந்து திரும்புகிறார்கள். அவர்கள் ஆட்டம் கெட்டுப்போகவில்லை, காற்று மாறிவிட்டது.

அதிகாலைக் குளிரில் கணக்கு வேறு. ஜனவரி, பெப்ரவரியில் சில நாள் புல்லில் உறைபனியே படியும். குளிர்ந்த பந்து துள்ளாது, உடம்பும் இறுகியிருக்கும். முதல் சில குழிகளுக்கு, வழக்கமாக எடுப்பதைவிட ஒரு படி அதிக தூரம் போகிற கிளப்பை எடுங்கள். பந்தை எதிலாவது வைத்துச் சூடாக்கிக்கொண்டு அடிப்பது விதிக்கு மாறு, அது வேண்டாம்.

சரிவில் நின்று அடிக்கும்போது பந்து எங்கெங்கோ போகிறதே?

எங்கெங்கோ போவதில்லை, போக வேண்டிய இடத்துக்குத்தான் போகிறது. வலக்கைக்காரருக்குப் பந்து காலைவிட மேலே இருந்தால் இடப்பக்கம் போகும், கீழே இருந்தால் வலப்பக்கம் போகும். அந்த அளவுக்குக் குறியை முன்கூட்டியே எதிர்ப்பக்கம் தள்ளி வையுங்கள். ஏற்றத்தைப் பார்த்து நின்றால் பந்து உயர்ந்து சீக்கிரம் விழும், இறக்கத்தில் தாழ்ந்து ஓடும். இரண்டிலும் தோள்பட்டையைச் சரிவோடு சேர்த்துச் சாய்த்துக்கொள்ளுங்கள், நிலத்தோடு சண்டை போடாதீர்கள்.

கிரீன் உங்களைவிடப் பத்து யார் உயரத்தில் இருந்தால், தூரத்தோடு பத்து யார் கூட்டிக் கணக்குப் போடுங்கள். கீழே இருந்தால் கழியுங்கள். முழுத் துல்லியமான கணக்கு இல்லை, ஆனால் கை கொடுக்கும்.

கொழுந்து மலையில் ஏறி இறங்கி வளர்ந்த பிள்ளைகளுக்குச் சரிவில் கால் ஊன்றுவது தானாக வரும். சமதரையில் பழகியவர்கள் பல வருடம் போராடிக் கற்கிற விஷயம் அது. அதைப் பலமாக நினைத்துக்கொள்ளுங்கள்.

டிரைவரை விட்டுவிட வேண்டுமா?

முதல் வருடம், ஆமாம். ஒடுக்கமான ஃபேர்வேயில் ஹைபிரிட்டால் 170 யார் நேராகப் போகிற பந்து, டிரைவரால் 220 யார் போய் மரத்துக்குள் விழுகிற பந்தைவிடக் குறைந்தது ஒரு அடி மேல். இதை ஒத்துக்கொள்ள இளைஞர்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று தெரியும். கொப்பியை எழுதிப் பாருங்கள், அது சொல்லும்.

100க்குள் வந்துவிட்டேன். அதற்கு மேல் நகரவே இல்லை. என்ன செய்வது?

எடுத்துக்காட்டுக்கு 98 அடித்த ஒருவரின் கார்டை வைத்துக்கொள்வோம். அதில் பட் 38. ஓடையிலும் எல்லைக்கு வெளியேயும் போனதற்கான தண்ட அடி 6. கிரீன் ஓரத்தில் நிலத்தில் குத்தியோ, பந்தின் தலையில் தட்டியோ வீணான சிப் 5. இப்போது பட் எண்ணிக்கையை 34 ஆக்கினால் 4 அடி மிச்சம். தண்டத்தைப் பாதியாக்கினால் 3. வீணான சிப்பில் இரண்டைத் தவிர்த்தால் 2. மொத்தம் 9 அடி. ஒரு பந்தைக்கூட முன்பைவிடத் தூரமாக அடிக்காமலே 89 வந்துவிட்டது.

உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களே எட்டடி தூரத்துப் பட்டில் பாதியைத்தான் குழியில் போடுகிறார்கள். 18 கிரீனில் ஏறக்குறைய 12க்குத்தான் உரிய அடிக்குள் போய்ச் சேருகிறார்கள். அவர்களே ஆறு கிரீனைத் தவறவிடும்போது நாம் பன்னிரண்டைத் தவறவிடுவதில் வெட்கம் என்ன இருக்கிறது? தவறவிட்ட பிறகு கிரீன் ஓரத்திலிருந்து இரண்டு அடியில் முடிக்கிறோமா, நான்கு அடியில் முடிக்கிறோமா என்பதில்தான் ஆட்டம். ஆகவே பயிற்சிக்கு ஒரு மணி நேரம் கிடைத்தால் நாற்பது நிமிடத்தைக் கிரீனைச் சுற்றியே செலவழியுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. கார்டில் இருக்கிற பாரை (ஒரு குழிக்கு நல்ல ஆட்டக்காரர் எடுக்க வேண்டிய அடிக் கணக்கை) மறந்துவிட்டு, ஒவ்வொரு குழிக்கும் உங்கள் சொந்தப் பாரை எழுதிக்கொள்ளுங்கள். கஷ்டமான பார் 4 குழிக்கு உங்கள் பார் 6 என்று இருக்கட்டும். அதில் ஐந்தடித்தால் அன்றைக்கு உங்களுக்கு அது பர்டிதான் (பாரைவிட ஒரு அடி குறைவு). மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது இரண்டு குழியின் சொந்தப் பாரை ஒன்று குறையுங்கள். மைதானம் பழகினதாக இருப்பதால்தான் இப்படிச் செய்ய முடிகிறது.

கிரீனில் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்குத் தெரிவதே இல்லை.

மலைநாட்டில் கண்ணை முழுதாக நம்ப முடியாது. சுற்றிலும் சரிவாக இருக்கும்போது, லேசாகச் சாய்ந்த கிரீன் சமமாகத் தெரியும், சமமானது எதிர்ப்பக்கம் சாய்ந்ததுபோலத் தெரியும். முதலில் கிரீனுக்கு வெளியே நின்று பெரிய நிலம் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பாருங்கள். ஓடை எந்தப் பக்கம், மலை எந்தப் பக்கம்? பிறகு பந்துக்கும் குழிக்கும் நடுவில், பிறர் பந்துகளின் பாதையை மிதிக்காமல், நின்று பாருங்கள். எந்தப் பாதத்தில் பாரம் கூடுகிறது என்று கால் சொல்லும். கால் கண்ணைவிட நேர்மையானது.

அதிகாலையில் முதல் ஆளாகப் போகிறவர்களுக்கு ஒரு வரம் உண்டு. பனித்துளி படிந்த கிரீனில் பந்து உருண்டால், வெளிறிய புல்லின்மேல் ஒரு கரும்பச்சைக் கோடு விழும். நீங்கள் நேராகப் போகும் என்று நினைத்து அடித்த பட் எந்த இடத்தில் திரும்ப ஆரம்பித்தது, எவ்வளவு திரும்பியது, வேகம் குறையக் குறைய வளைவு எப்படிக் கூடியது, எல்லாம் கோடாகக் கிடக்கும். வேகம் அடங்குகிற கடைசி மூன்றடியில்தான் பந்து அதிகமாக வளையும் என்பதை எந்தப் புத்தகத்தைவிடவும் அந்தக் கோடு தெளிவாகக் காட்டும். வெயில் ஏறினால் அழிந்துவிடும், அதனால் அப்போதே கொப்பியில் படமாகக் கீறிக்கொள்ளுங்கள். ஈரக் கிரீன் மெதுவானது, அதே பட் பத்து மணிக்கு இன்னும் வேகமாக ஓடும் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

புல்லின் சாய்வையும் பாருங்கள். உங்கள் பக்கமிருந்து பார்க்கும்போது புல் பளபளப்பாகத் தெரிந்தால் அது உங்களிடமிருந்து விலகிச் சாய்ந்திருக்கிறது, பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். இருண்டு தெரிந்தால் எதிர்ப்புல், கொஞ்சம் பலமாகத் தட்டுங்கள்.

இதற்கெல்லாம் மேலே ஒரு வழி இருக்கிறது: பை தூக்கிக் கூட வருகிற கெடியிடம் கேளுங்கள். அந்தக் கிரீன்மேல் வருடக்கணக்காக மற்றவர்கள் போட்ட பட்களையெல்லாம் பார்த்து நின்ற மனிதர் அவர். "அண்ணே, இது எந்தப் பக்கம்?" என்று கேட்டால், குழிக்குப் பக்கத்தில் ஓர் இடத்தை விரலால் காட்டுவார். அந்த இடம் உங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். அங்கேயே அடியுங்கள். கேட்டு, நன்றி சொல்லி, கூலியையும் மனம் நிறையக் கொடுங்கள். அந்தப் படிப்பை வேறு எங்கும் விலைக்கு வாங்க முடியாது.

பந்து மரத்துக்குள்ளோ ஓடையிலோ போனால் விதி என்ன?

தேட மூன்று நிமிடம். முன்பு ஐந்து நிமிடமாக இருந்ததை 2019இல் குறைத்துவிட்டார்கள், பழைய ஆட்கள் இன்னும் ஐந்து என்றுதான் சொல்வார்கள். கிடைக்காவிட்டாலும், வெள்ளைக் கம்பத்துக்கு வெளியே போனாலும், ஒரு தண்ட அடியோடு முன்பு அடித்த இடத்துக்கே திரும்பிப் போய் அடிக்க வேண்டும். அந்த நடையைத் தவிர்க்க, சந்தேகம் வந்த உடனேயே "இது தற்காலிகப் பந்து" என்று வாயால் சொல்லிவிட்டு இன்னொன்றை அடியுங்கள். சொல்லாமல் அடித்தால் அதுவே ஆட்டத்துப் பந்தாகிவிடும்.

ஓடைக்குச் சிவப்புக் கம்பம் நட்டிருந்தால், பந்து எல்லையைக் கடந்த இடத்திலிருந்து குழிக்குக் கிட்டப் போகாமல் இரண்டு கிளப் நீளத்துக்குள், ஒரு தண்ட அடியோடு போடலாம். முழங்கால் உயரத்திலிருந்து விட வேண்டும்.

மழையிலும் மூடுபனியிலும் விளையாடலாமா?

மழையில் விளையாடலாம், பழகவும் வேண்டும். மழையைப் பார்த்து வீட்டில் இருப்பதென்றால் நம் ஊரில் வருடத்தில் பாதி வீட்டில்தான் இருக்க வேண்டும். உலர்ந்த துவாயைக் குடைக்குள் தொங்கவிடுங்கள், கையுறை இரண்டு வையுங்கள். ஃபேர்வேயிலோ ரஃபிலோ (ஃபேர்வே ஓரத்து நீண்ட புல்லிலோ) பந்து விழுந்த வேகத்தில் தன் குழியிலேயே புதைந்துவிட்டால் தண்டமில்லாமல் எடுத்துத் துடைத்துப் போடலாம். தேங்கிய தண்ணீருக்கும் தண்டமில்லை. பலர் தெரியாமல் சேற்றிலிருந்து அடித்து ஸ்கோரைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

மூடுபனியில் முன்னால் போகிறவர்கள் கண்ணுக்குத் தெரியாவிட்டால் அடிக்காதீர்கள், அவ்வளவுதான்.

இடிக்கு மட்டும் எந்தச் சமாதானமும் கிடையாது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடியோடு மழை திரண்டு வரும். திறந்த வெளியில் கையில் இரும்போடு நிற்கிற விளையாட்டு இது. மின்னல் ஆபத்து இருக்கிறது என்று உங்களுக்குப் பட்டால் யாரிடமும் கேட்காமல் ஆட்டத்தை நிறுத்த விதியே உரிமை தருகிறது. போட்டியானாலும் நிறுத்துங்கள். தனி மரத்தின் கீழே ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போங்கள்.

ஹேண்டிகாப் எப்படிக் கிடைக்கும்? எப்போது எடுப்பது?

உங்கள் திறமைக்கு ஏற்ப ஸ்கோரிலிருந்து கழிக்கும் சலுகை அடிதான் ஹேண்டிகாப். சீக்கிரம் எடுங்கள். "நல்லா ஆடத் தொடங்கினதும் எடுக்கிறேன்" என்று தள்ளிப்போடுவது வீண். 2020இல் வந்த உலகப் பொது முறையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் 54 வரை ஹேண்டிகாப் கிடைக்கும், அதாவது ஒரு குழிக்கு மூன்று அடி சலுகை. 54 குழிக்கான கார்டுகள், அதாவது மூன்று முழு ஆட்டம், கொடுத்தால் போதும். அப்புறம் கடைசி 20 ஆட்டத்தில் சிறந்த எட்டின் சராசரியை வைத்துக் கணக்கு நடக்கும்.

சிறந்த எட்டை மட்டும் எடுப்பதால், ஹேண்டிகாப் என்பது உங்கள் சராசரி ஆட்டம் இல்லை, உங்களால் முடிந்த நல்ல ஆட்டத்தின் அளவு. அந்த எண்ணுக்கு ஏற்றபடி விளையாடுவது நாலைந்து ஆட்டத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். மற்ற நாட்களில் மனம் தளர வேண்டாம், கணக்கே அப்படித்தான்.

அப்பா கெடியாக இருந்தவர். நான் விளையாடப் போனால் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். இது நமக்கான விளையாட்டா?

உங்களுக்கான விளையாட்டுத்தான். உலக கோல்பின் வரலாற்றைத் திறந்தால் கெடிகளின் பெயர்களாக வரும். பென் ஹோகனும் பைரன் நெல்சனும் டெக்ஸஸில் ஒரே மைதானத்தில் பை தூக்கிய சிறுவர்கள். ஆர்ஜென்டினாவின் ஏஞ்சல் கப்ரேரா கெடியாகத் தொடங்கி, 2007இல் யூ.எஸ். ஓபனையும் 2009இல் மாஸ்டர்ஸையும் வென்றார். நம் நாட்டிலிருந்தே என். தங்கராஜாவும் மிதுன் பெரேராவும் இந்தியத் தொழில்முறைச் சுற்றில் பட்டம் வென்றிருக்கிறார்கள்.

கெடி குடும்பத்துப் பிள்ளைக்குப் பணக்காரப் பிள்ளைக்குக் கிடைக்காத ஒன்று கிடைத்திருக்கிறது. எந்தக் கிரீன் எந்தப் பக்கம் ஓடும், எந்தக் குழியில் காற்று மரத்துக்கு மேலே போனதும் திசை மாறும் என்பதெல்லாம் வீட்டுச் சாப்பாட்டோடு காதில் விழுந்து வளர்ந்தவர் நீங்கள். அப்பாவை ஒருநாள் கூட்டிக்கொண்டு போய் 18 குழியும் நடந்து, ஒவ்வொன்றிலும் அவர் சொல்வதை எழுதுங்கள். அந்த மைதானத்தை உருட்டி, வெட்டி, பை தூக்கி வைத்திருந்தது நம் சனம். அதில் நிமிர்ந்து நடப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. உள்ளே போகக் கட்டணமும் ஒழுங்கும் போதும்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அதே பதில்தான். முன் டீ இருக்கிறது, பெண்களுக்கென்றே மைதான மதிப்பீடு இருக்கிறது, சிப்பும் பட்டும் போட உடல் பலம் பெரிதாகத் தேவையில்லை. தயங்குவது பெரும்பாலும் வீட்டார்தான். ஒருமுறை கூட வந்து நடந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கொழும்புக்கோ திகனைக்கோ முதல்முறை விளையாடப் போகிறேன். எதை மாற்ற வேண்டும்?

திகனையில் ரஜவெல்லப் பக்கம் விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில் இருக்கிற மைதானம், டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்தது. பார் 73. நுவரெலியாவைவிட நீளம், அகலமும் கூட, வெயிலும் கூட. அங்கே டிரைவருக்கு வேலை இருக்கிறது. ஆனால் உயரம் நம்மைவிட வெகுவாகக் குறைவு, அதனால் ஒவ்வொரு அயனும் சில யார் முன்னதாகவே விழும். கொழும்பு மைதானம் தட்டையானது, களனிவெளி ரயில் பாதை அதன் ஊடாகவே போகிறது. கடல் மட்டக் காற்று என்பதால் தூரம் இன்னும் குறையும், ஸ்லைஸ் கூடும். இங்கே 9ஆம் நம்பர் எடுத்த தூரத்துக்கு அங்கே 8 எடுங்கள், அதற்கும் போதாவிட்டால் 7.

பழகிய மைதானத்தில் நாம் தூரத்தை அளப்பதில்லை, "அந்த மரத்திலிருந்து 7ஆம் நம்பர்" என்று மனப்பாடமாக வைத்திருக்கிறோம். வெளியே போனால் அந்த மரம் இருக்காது. ஆகவே போவதற்கு முந்தைய ஓரிரு ஆட்டத்தில் சொந்த மைதானத்திலேயே ஒவ்வொரு அடிக்கும் முன்னால் யார்க் கணக்கைச் சொல்லிவிட்டு அடித்துப் பழகுங்கள். போன இடத்தில் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய், பயிற்சிக் கிரீனில் நீண்ட பட் மட்டும் போட்டு வேகத்தைப் பிடியுங்கள். தண்ணீரை நிறைய குடியுங்கள், நம் குளிர் உடம்பு அந்த வெயிலில் ஒன்பதாவது குழிக்குள் வாடிவிடும். அங்கே அடிக்கிற ஸ்கோர் ஊர் ஸ்கோரைவிட ஏழெட்டு கூடினால் அது சாதாரணம். கொப்பியை அங்கும் கொண்டுபோங்கள், ஒவ்வொரு கிளப்பும் அங்கே போன தூரத்தைத் தனிப் பக்கத்தில் எழுதிவைத்தால், இரண்டாம் முறை போகும்போது அந்தப் பக்கத்தைத் திறந்தாலே போதும்.